கிழமை தெரியாத வாத்தியார்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அமலோற்பவம் ஏழு முறை போன் செய்துவிட்டாள். ஏழு முறையும் எடுத்தது குழல்வாய்மொழிதான். எடுக்க வேறு ஆள் கிடையாது. தென்கடல் கண்காணிப்பு மையத்தில் ஒரு காலத்தில் ஷிஃப்டுக்குப் பதினான்கு பேர் இருந்தார்கள். வகுப்பான் என்ற எந்திரம் வந்தபிறகு ஓர் ஆள் போதும் என்று மேலே முடிவு செய்துவிட்டார்கள். அந்த ஓர் ஆளுக்கும் என்ன வேலை என்றால், எந்திரம் சொல்வதைப் போனில் கேட்பவர்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டும், பதிலுக்கு அவர்கள் திட்டுவதை வாங்கிக்கொள்ள வேண்டும்.

தெற்குக் கடலில் மிதக்கும் ஒவ்வொரு கப்பலிலும் ஒவ்வொரு படகிலும் ஒரு பெட்டி இருக்கிறது. தான் எங்கே இருக்கிறோம் என்பதை அது நிமிடத்துக்கு ஒரு தடவை செயற்கைக்கோளுக்குச் சொல்லும். அந்தப் புள்ளிகளைக் கோத்தால் படகு போன தடம் கிடைக்கும். வகுப்பான் அந்தத் தடங்களைப் பார்த்து, ஒரே மாதிரி நடப்பவற்றை ஒரே குழுவில் சேர்க்கும். சரக்குக் கப்பல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி போகும். வலை இழுக்கும் விசைப்படகு மெதுவாக நேரே போய், திரும்பி, மறுபடி நேரே வரும். கணவாய்க்குத் தூண்டில் போடும் படகு எந்திரத்தை அணைத்துவிட்டு நீரோட்டத்தோடு மிதக்கும். இப்படி மொத்தம் இருபத்தாறு குழுக்கள். எல்லோரையும் வகுப்பு பிரித்து உட்கார வைப்பதால் மையத்தில் அந்த எந்திரத்துக்கு வாத்தியார் என்று பெயர்.

ஆபத்து எது என்று தீர்மானிப்பவரும் வாத்தியார்தான். பழைய பெட்டிகளில் சிவப்புப் பொத்தான் ஒன்று இருந்தது. ஆபத்தென்றால் அதை அழுத்த வேண்டும். நம் ஆட்கள் அந்தப் பொத்தானில் தூக்குச்சட்டியை மாட்டினார்கள், ஈரக் கைலியைக் காயப்போட்டார்கள், ஒருவர் அதன்மேல் தலை வைத்துத் தூங்கியே போனார். வாரத்துக்கு நாற்பது பொய் அழைப்பு வந்தது. வெறுத்துப்போய்ப் பொத்தானையே எடுத்துவிட்டார்கள். இப்போது படகின் நடை அதன் குழுவின் நடையிலிருந்து விலகினால் வாத்தியாரே கண்டுபிடித்து மீட்புக்கு ஆள் அனுப்புவார். விலகவில்லை என்றால் படகு நலமாக இருக்கிறது என்று அர்த்தம். இதற்கு உலக அளவில் பரிசெல்லாம் கிடைத்தது.

எட்டாவது முறையும் போன் அடித்தது.

"அம்மா, சூசைத்துறையில இருந்து அமலோற்பவம் பேசுதேன்."

"தெரியுதும்மா. சொல்லுங்க."

"நீங்கதான் சொல்லணும். நேத்து ராத்திரி ஒம்பது மணிக்குக் கரைக்கு வந்திருக்கணும் எங்க போட். இப்பப் பத்தேகால். கோயில்ல ரெண்டாம் பூசையும் முடிஞ்சுட்டு. அவிய போன் சிக்னலும் இல்ல, வாக்கி டாக்கியும் பேச மாட்டேங்குது."

குழல்வாய்மொழி திரையைப் பார்த்தாள். காலையிலிருந்து அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள், ஏழு முறையும் பார்த்துச் சொல்கிறேன் என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள். 'சிந்தாத்திரை மாதா', விசைப்படகு, டிரைவர் கஸ்பார், அவரோடு சேர்த்து ஆட்கள் ஒன்பது பேர். சனிக்கிழமை மாலை நாலு மணி வரை நான்காம் குழு, அதாவது வலை இழுப்பவை. அதற்குப் பிறகு ஒன்பதாம் குழு, அதாவது மிதப்பவை. பக்கத்தில் பச்சை எழுத்தில், 'நிலை: இயல்பு'.

"வாத்தியா... சிஸ்டம் இயல்புன்னு காட்டுதும்மா. வலைய ஏத்திட்டுத் தூண்டில் போடுறாங்கன்னு சொல்லுது. போட் மிதந்துக்கிட்டுதான் இருக்கு."

"ஞாயித்துக்கிழமையிலயா?" என்றாள் அமலோற்பவம்.

அது போதும். சூசைத்துறையில் ஞாயிற்றுக்கிழமை ஒரு படகும் கடலில் இருக்காது. மீன் கொட்டிக் கிடந்தாலும் சனிக்கிழமை இரவுக்குள் கரை ஏறிவிட வேண்டும். இது அரசாங்கம் போட்ட சட்டம் இல்லை, ஊர் போட்ட கட்டு. மீறிய டிரைவருக்கு அடுத்த வாரம் ஆள் சேராது. அமலோற்பவத்தின் கணவர் கஸ்பார் முப்பது வருடமாக அந்தக் கட்டுக்குள் இருப்பவர். ஞாயிற்றுக்கிழமை பத்தேகால் மணிக்கு அவர் படகு முப்பத்துநாலு கடல்மைல் தள்ளி மிதக்கிறது என்றால், அவர் மிதக்க வேண்டும் என்று நினைத்து மிதக்கவில்லை. இது கரையில் ஐஸ் உடைப்பவருக்குக்கூடத் தெரியும். பரிசு வாங்கிய வாத்தியாருக்குத் தெரியவில்லை.

"எந்த இடம்னு மட்டும் சொல்லுங்க. எங்க ஆளுக எறங்கிப் போயிருவாவ."

குழல்வாய்மொழி மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஆடிக்காற்று மேற்கிலிருந்து வீசுகிறது. படகு கிழக்கே மணிக்கு ஒன்றரை மைல் வேகத்தில் தள்ளப்பட்டுக்கொண்டிருக்கிறது. நாட்டு எல்லைக்கோடு இன்னும் ஆறு மைல்தான். மத்தியானம் இரண்டரை மணிக்குள் தாண்டிவிடும். தாண்டினால் நம் கப்பல் ஒன்றும் பின்னால் போக முடியாது. ஊர்ப் படகு அங்கே போய்ச் சேர ஐந்து மணி நேரம் ஆகும்.

"உங்க ஆளுக போற நேரத்துக்கு அங்க போட் இருக்காதும்மா. நான் வேற வழி பாக்கேன். போனைப் பக்கத்துலயே வைங்க."

வேறு வழி என்றால், கையால் ஆபத்து அறிவிப்பது. அதற்கு ஒரு படிவம் இருந்தது. காரணம் என்ற இடத்தில் பத்துப் பன்னிரண்டு வரி. மோதல், தீ, திடீர் நிறுத்தம், குழுவிலிருந்து விலகல். அவள் 'விலகல்' என்று அழுத்தினாள். 'இல்லை, ஒன்பதாம் குழுவில் மிதப்பது இயல்பு' என்றது எந்திரம். 'பிற' என்று அழுத்தினாள். எந்த விவரத்தின் அடிப்படையில் என்று கேட்டு ஒரு பட்டியலை நீட்டியது. வேகம், திசை, திருப்பம், தூரம். பட்டியலை மேலும் கீழும் இரண்டு முறை தேடினாள். கிழமை என்ற ஒன்று அதில் இல்லவே இல்லை. அவளுக்கு எந்திரத்தின் கன்னத்தில் ஒன்று விட வேண்டும் போலிருந்தது. கன்னம் எது என்று தெரியாததால் மேசையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். கை வலித்ததுதான் மிச்சம்.

துணை இயக்குநர் புருஷோத்தமன் மதுரையில் மச்சினன் மகள் கல்யாணத்தில் இருந்தார். ஐந்தாவது முறை அடித்தபோது எடுத்தார். பின்னால் நாதஸ்வரம் காதைக் கிழித்தது.

"சொல்லுங்க மொழி மேடம், சத்தமா சொல்லுங்க."

சத்தமாகச் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஒன்பதாம் குழுன்னா மிதக்கத்தானே செய்யும்?"

"ஞாயித்துக்கிழமை சார். சூசைத்துறை போட் இன்னைக்குக் கடல்ல நிக்காது."

"சரி. நான் இல்லேங்கல. ஆனா சிஸ்டத்துக்குத்தான் கிழமையே தெரியாதே."

"கிழமை தெரியாதுன்னா எப்படி சார்? கையில கட்டுற வாட்ச்சுக்கே தெரியும்."

"வேணாம்னு எடுத்தாச்சு. ஆறு வருஷம் இருக்கும். இப்ப நான் இங்கேருந்து ஒப்புதல் போட்டாலும் எந்த விவரத்தை வெச்சுன்னு கேக்கும். இல்லாத விவரத்தை நான் எங்கேருந்து கொண்டு வர? போன மாசம் ரெண்டு தடவை கையால அனுப்பி, போய்ப் பாத்தா ஆளுங்க சமைச்சுச் சாப்பிட்டுட்டு இருந்தாங்க. அந்த விளக்கமே நான் இன்னும் எழுதிக் கொடுக்கல. தாலி கட்டப் போறாங்க மேடம். நாளைக்குக் காலையில முத வேலையா பாக்கறேன்."

"நாளைக்கு அவங்க எந்த நாட்டு ஜெயில்ல இருப்பாங்களோ சார். அதுவும் தண்ணிக்கு மேலயே இருந்தாத்தான்."

கெட்டிமேளம் கொட்டியது. அதில் அவர் சொன்ன பதில் காதில் விழவில்லை.

எந்தப் புண்ணியவான் கிழமையை எடுத்தான் என்று பார்க்காமல் அவளால் இருக்க முடியவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது, இருந்தும் பழைய மாற்றப் பதிவைத் திறந்தாள். ஆறு வருடம் முன்னால், பங்குனியில், பதினெட்டு விவரங்கள் நீக்கம். பின்னிணைப்பில் பதினான்காவது, கிழமை. பரிந்துரைத்தவர் பெயரைப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். செ. குழல்வாய்மொழி, முதுநிலை ஆய்வாளர்.

அது மீராப்பட்டினத்துக் கதை. மீராப்பட்டினத்துப் படகுகள் வெள்ளிக்கிழமை கடலுக்குப் போவதில்லை. ஜும்ஆ தொழுகை. வாத்தியார் வந்த புதிதில் அந்த ஒரு காரணத்துக்காகவே அந்த ஊரின் நூற்றுப்பத்துப் படகுகளையும் தனிக் குழுவாகப் பிரித்துவிட்டார். எந்திரத்துக்கு அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் தனியாக ஒரு குழு இருக்கிறதென்றால் ஏன் தனியாக இருக்கிறது என்று கேட்க மேலே ஆள் இருந்தார்கள். தினமும் சோதனை, ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப் பார்ப்பது, வலையை அறுத்துப் பார்ப்பது. மூன்று மாதம் அந்த ஊர் ஒழுங்காகத் தொழில் செய்யவில்லை. குழல்வாய்மொழிதான் கொதித்துப்போய்ப் பதினோரு பக்கம் எழுதினாள். எந்த ஊர், எந்த சாமி என்று காட்டிக்கொடுக்கும் எதுவும் எந்திரத்தின் கண்ணில் படக்கூடாது என்றாள். ஜெயித்தாள். பாராட்டுக் கடிதம்கூட வந்தது. அந்தப் பதினோரு பக்கத்தில் இன்றைக்கும் ஒரு வரியைக்கூட அவள் மாற்ற மாட்டாள். ஆனால் பின்னிணைப்பின் பதினான்காவது வரி ஒரு நாள் கஸ்பாரின் படகுக்குள் தண்ணீராகப் புகும் என்று யார் கண்டார்கள்?

மணி பதினொன்று அடிக்கப்போகிறது. போன் மறுபடி அடித்தது. அவள் எடுக்கவில்லை. படிவத்துக்குத் திரும்பினாள். மீட்புப் பக்கத்தை மூடிவிட்டுப் பக்கத்திலிருந்த இன்னொரு படிவத்தைத் திறந்தாள். அது மிகச் சின்னது. 'கடத்தல் ஐயம்' என்று தலைப்பு. படகின் பெயர், இடம், தகவல் தருபவர் பெயர். காரணம் என்ற கட்டமே அதில் கிடையாது. விவரம் ஏதும் கேட்கவில்லை, மேலதிகாரி ஒப்புதல் கேட்கவில்லை. 'நிச்சயமா?' என்று ஒரே ஒரு கேள்வி.

காப்பாற்று என்றால் இத்தனை கேள்வி கேட்கிறவர்கள், பிடி என்றால் ஒன்றுமே கேட்பதில்லையே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. நடுக்கடலில் எந்திரத்தை அணைத்துவிட்டு நிற்கும் படகு. கடத்தல் சரக்கை வாங்கவும் அப்படித்தானே நிற்பார்கள்? 'ஆம்' என்று அழுத்தினாள். நாலு நிமிடத்தில் விரைவுப் படகு புறப்பட்டுவிட்டதாகத் திரையில் செய்தி வந்தது.

பன்னிரண்டரை மணிக்கு அது போய்ச் சேர்ந்தது. எந்திர அறையில் இடுப்பளவு தண்ணீர். பேட்டரி, வாக்கி டாக்கி எல்லாம் முழுகிவிட்டன. பெட்டிக்கு மட்டும் தனி பேட்டரி என்பதால் அது வேலை செய்துகொண்டிருந்தது. ஒன்பது பேரும் சோற்றுப்பானையாலும் ஐஸ் பெட்டி மூடியாலும் மாற்றி மாற்றித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள், இருபது மணி நேரமாக. காவலர்கள் முதலில் துப்பாக்கியை நீட்டி எல்லோரையும் கையைத் தூக்கச் சொன்னார்கள். கையைத் தூக்கினால் யார் தண்ணீர் இறைப்பது என்று கஸ்பார் கேட்டாராம். அதற்குப் பிறகுதான் துப்பாக்கியை இறக்கிவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள்.

ஒன்பது உயிரும் கரை சேர்ந்தன. படகுக்குச் சீல் வைத்தார்கள். ஆட்களை மூன்று நாள் வைத்து விசாரித்தார்கள்.

குழல்வாய்மொழி திங்கட்கிழமையே எழுதிக் கொடுத்துவிட்டாள். கடத்தல் இல்லை, நான் சொன்னது பொய், உயிரைக் காக்கச் சொன்னேன் என்று ஒளிக்காமல் எழுதினாள். அதற்கு அவளுக்கு ஒரு குற்றக் குறிப்பாணை வந்தது. ஆனால் 'சிந்தாத்திரை மாதா'வின் பெயருக்குப் பக்கத்தில் கடத்தல் படகு என்று விழுந்த சிவப்புப் புள்ளி போகவில்லை. வாத்தியார் ஒரு முறை கற்றுக்கொண்டதை மறக்க வைக்க வழி இல்லை என்று எந்திரத்தைச் செய்தவர்கள் வருத்தத்தோடு பதில் போட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை அமலோற்பவமும் கஸ்பாரும் மையத்துக்கே வந்தார்கள். அமலோற்பவத்தைக் குழல்வாய்மொழி குரலாக மட்டும்தான் அறிந்திருந்தாள். நேரில் சின்ன உருவமாக, வெயிலில் நடந்து வந்த களைப்போடு இருந்தாள்.

"உசிரோட கொண்டாந்து சேத்துட்டிய. அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தோம்" என்றாள். முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஆனா கோயில்ல நான் போய் இருந்த பெஞ்சுல இருந்து ரெண்டு பேரு எந்திச்சுப் பின்னால போயிட்டாவ. என்னத்தக் கடத்துனான்னு ஊரு கேக்குது. இல்லாத சாமான எப்படிம்மா இல்லேன்னு காட்ட?"

"நான் பொய் சொன்னேன்னு எழுதிக் குடுத்துட்டேன்மா. வேற என்ன செய்யணும்னு சொல்லுங்க, செய்யுதேன்."

கஸ்பார் திரையில் நகரும் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாங்க மிதந்தது இதுல தெரிஞ்சுதாம்மா?"

"தெரிஞ்சுது. பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

"பெட்டியில பச்சை லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. பயலுக அழும்போதெல்லாம் நான் அதத்தான் காட்டுனேன். லைட்டு எரியுதுல, யாரோ நம்மளப் பாக்காவன்னு." அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். "பாத்துருக்கீங்க. அதான் கேட்டேன்."

அவர்கள் போன பிறகு குழல்வாய்மொழி வெகுநேரம் நாற்காலியை விட்டு எழவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாளே வருவதாகச் சொன்ன புருஷோத்தமன் ஒரு வாரம் கழித்துக் கல்யாண லட்டுப் பையோடு வந்து சேர்ந்தார். கெட்ட மனிதர் இல்லை. உட்கார்ந்து அவள் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"கிழமையைத் திரும்பச் சேத்துடலாம் மேடம். ஒரு கையெழுத்துதான். நீங்க எடுத்தீங்க, நீங்களே போடுங்க."

"சேத்தா மீராப்பட்டினம்?"

"அது மறுபடி தனிக்குழு ஆயிடும். வேற என்ன ஆகும்?"

"கிழமையும் தெரியணும், அதை வெச்சு யாரையும் தனியா ஒதுக்கவும் கூடாது. அப்படி ஒண்ணு செய்ய முடியாதா சார்?"

"அதுக்கு மனுஷங்களைத்தான் வேலைக்கு வைக்கணும். இருந்தாங்களே பதினாலு பேரு" என்றார் அவர். லட்டை எடுத்து அவள் மேசையில் வைத்தார். படிவத்தையும் வைத்தார். லட்டில் எறும்பு வந்தது. படிவத்தில் கையெழுத்து விழவில்லை.

அதற்குப் பிறகு மூன்று மாதத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. தெற்குக் கடற்கரையில் கடத்தல் தகவல்கள் மளமளவென்று கூடின. எல்லாம் பெண்கள் கொடுத்தவை. போய்ப் பார்த்தால் எந்திரம் பழுதான படகு, அடியில் சுழலும் விசிறியில் வலை சிக்கிய படகு, நெஞ்சுவலியில் சுருண்டு கிடந்த டிரைவர். சரக்கு மட்டும் இருக்காது. மேலிடத்துக்குப் போன அறிக்கையில் மீட்புக் கோரிக்கை பூஜ்யம் என்று இருந்தது. வகுப்பான் ஆபத்தையே ஒழித்துவிட்டது என்று மேலிடம் மகிழ்ந்து பாராட்டுக் கடிதம் அனுப்பியது. கடத்தல் பெருகுவதால் இன்னும் இரண்டு விரைவுப் படகுகளை அனுப்பி வைத்தது. குழல்வாய்மொழி அந்தப் பாராட்டுக் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் மடித்து உள்ளே வைத்தாள். சிவப்புப் புள்ளி விழுந்த படகுகள் இருபத்து மூன்று ஆகியிருந்தன.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, பகல் இரண்டு மணிக்கு, போன் அடித்தது. புதுக் குரல்.

"மீராப்பட்டினத்துல இருந்து ஜொஹரா பேசுறேன். தகவல் சொல்றது இந்த நம்பர்தானே?"

"இதுதான்மா. சொல்லுங்க."

"எம் மவன் போட் நேத்து பொழுதடைஞ்சு மக்ரிப் தொழுகைக்கு வந்திருக்கணும். வரல. ஜும்ஆ முடிஞ்சு எல்லாரும் வீட்டுக்கு வந்துட்டாங்க, எங்க வீட்டு ஆம்பளையளத் தவிர. பச்சையா எரியுது, நல்லா இருக்காங்கன்னு எந்திரம் சொல்லுமாம். நீங்க அதச் சொல்லிராதீங்க."

குழல்வாய்மொழி திரையில் தேடினாள். படகு கிடைத்தது. இருபத்தெட்டு மைல், ஒன்பதாம் குழு, நிலை இயல்பு.

"சொல்லலம்மா. வெள்ளிக்கிழமை உங்க ஊரு போட் கடல்ல நிக்காதுன்னு எனக்குத் தெரியும்."

"தெரியுமா?" அந்தக் குரல் முதல் முறையாக உடைந்தது. பிறகு சரிசெய்துகொண்டு, எழுதி வைத்ததைப் படிப்பதுபோல நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தது. "மீன் ஏலத்துல சூசைத்துறை அமலோற்பவம் அக்காவப் பாத்தேன். எப்படிச் சொல்லணும்னு அவங்கதான் சொல்லித் தந்தாங்க. எழுதிக்கிடுங்கம்மா. எம் மவன் கடத்தல்காரன்."

குழல்வாய்மொழியின் விரல் எழுத்துப் பலகையில் நின்றது.

"இதை எழுதினா அந்தப் பேரு போகாதும்மா. நான் எழுதிக் குடுத்தும் போகல. அமலோற்பவம் அதையும் சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"கூட எத்தனை பேரு?"

"அஞ்சு பேரு. அவனோட ஆறு. ஆறு பேருமே கடத்தல்காரங்கதான்" என்றாள் ஜொஹரா. "பெரிய கடத்தல்னே போடுங்கம்மா. அப்பத்தான் வெரசா வருவாங்க."